தென்னாப்பிரிக்காவில் புதுக்குடித்தனம்: வீட்டுக்கு கேமரா போடுவது எப்படி

டர்பனிலோ ஜோகன்னஸ்பர்க்கிலோ வேலைக்கு வந்து, வீடு பார்த்துக் குடியேறும் நம்மவர்கள் முதல் வாரத்திலேயே கேட்பது, "எந்த கேமரா நல்லது?" என்பதுதான். ஊரில் என்றால் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் நாலு கேமரா செட்டை வாங்கி, ஆள் வைத்து மாட்டினால் வேலை முடிந்தது. இங்கே அது போதாது. மின்சாரம் மணிக்கணக்கில் போகும். டர்பனில் கடற்காற்று திருகாணியை அரிக்கும். ஜோகன்னஸ்பர்க் பக்கம் கோடை முழுக்க மாலையில் இடி மின்னல். கேமரா தனியாக நின்று யாரையும் தடுத்துவிடுவதும் இல்லை. மதில், கேட், ஜன்னல் கம்பி, அலாரம், அலாரம் அடித்தால் ஆயுதத்தோடு வரும் தனியார் காவலான ஆர்ம்ட் ரெஸ்பான்ஸ் என்று இந்த நாட்டு வீடுகளில் ஏற்கெனவே ஒரு பாதுகாப்பு வரிசை இருக்கிறது. கேமரா அந்த வரிசைக்குக் கண்.

அதனால், திருடு போன பிறகு உட்கார்ந்து பார்ப்பதற்காக கேமரா வாங்காதீர்கள். மதில் ஏறும்போதே உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக வாங்குங்கள். எங்கே மாட்டுவது, எது வாங்குவது, பேட்டரி எவ்வளவு என்பதெல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்துதான் வரும்.

கடைக்குப் போகும் முன்

பகலில் ஒரு முறை, இருட்டிய பிறகு ஒரு முறை வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். கையில் ஒரு தாளும் பேனாவும் போதும். வீட்டின் வரைபடத்தைக் கோடு கோடாகப் போட்டு, ஒவ்வொரு இடத்திலும் நின்று, "இங்கே எனக்கு என்ன தெரியவேண்டும்?" என்று ஒரு வரி எழுதுங்கள். கேட்டுக்கு வெளியே யார் நிற்கிறார்? காரை உள்ளே விடும்போது பின்னால் யாராவது வருகிறார்களா? சமையலறைப் பின்கதவை யார் நெருங்குகிறார்? பக்கவாட்டுச் சந்தில் யாராவது ஒளிந்திருக்கிறார்களா? இப்படி எழுத வராத இடத்துக்கு கேமரா தேவையில்லை.

இந்த நாட்டில் முதல் இடம் கேட்டுக்கும் டிரைவ்வேக்கும்தான். கார் கடத்தல்காரர்கள் வீட்டு கேட் வாசலில் காத்திருப்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த ஆபத்து. கேட் திறக்கும் வரை நின்றுகொண்டிருக்கும் அந்தச் சில நொடிகளில்தான் பிடிப்பார்கள். வெளியே கிளம்பும் முன்னும், வீட்டுக்குத் திரும்பி தெருமுனைக்கு வரும்போதும், காரில் கூட இருப்பவர் போனில் ஒரு முறை கேட் கேமராவைப் பார்ப்பது நல்ல பழக்கம். தனியாக ஓட்டினால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திப் பாருங்கள். அதற்காகவே அந்த கேமரா தெருவின் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்படி இருக்கவேண்டும்.

வீட்டின் அமைப்பையும் கணக்கில் எடுங்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த் போன்ற மேட்டுப்பகுதிகளில் ஒட்டு வீடுகள் நிறைய. நடுச்சுவர் பொது, ஒரு பக்கம் மட்டும் குறுகிய சந்து, பின்முற்றம் சரிவில் இறங்கிக் கிடக்கும். தெருவிலிருந்து பார்த்தால் வீடு பத்திரமாகத் தெரியும், ஆனால் ஆள் ஏறி வருவது பின்சரிவிலிருந்தோ பக்கத்து அவுட்பில்டிங் கூரையிலிருந்தோ. ஜோகன்னஸ்பர்க்கின் லெனேசியா மாதிரி சமதரையில் இருக்கும் வீடுகளில் உயர்ந்த மதிலுக்குள் வந்துவிட்டவரைத் தெருவில் போகும் யாரும் பார்க்க முடியாது. டர்பன் நகருக்குள் மாடி ஃப்ளாட் என்றால் ஒரே வாசல்தான். ஒரு கேமரா தாராளம். பெரும்பாலான தனி வீடுகளுக்கு நான்கு போதும்: கேட், முன்வாசல், பின்கதவு, பக்கச் சந்து. எட்டு கேமராவை ஏனோதானோவென்று மாட்டுவதைவிட நாலை யோசித்து மாட்டுவது மேல்.

நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் கவனிக்காமல் விடும் ஒரு விஷயம் சூரியன். இங்கே நாம் பூமியின் தென்பாதியில் இருக்கிறோம். டர்பனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் நடுப்பகல் சூரியன் ஆண்டு முழுக்க வடக்கே சாய்ந்துதான் நிற்கும். ஜூன், ஜூலையில் மிகவும் தாழ்வாக. வடக்கு நோக்கிய கேமராவில் வாசலில் நிற்பவர் வெறும் கறுப்பு உருவமாகத் தெரிவார். முடிந்தவரை தெற்கு நோக்கி வையுங்கள். வழியில்லை என்றால் கூரை விளிம்புக்குள் ஒதுக்கி, 'டபிள்யூடிஆர்' வசதி உள்ள கேமராவைத் தேர்ந்தெடுங்கள். வெளிச்சமும் நிழலும் கலந்த காட்சியில் முகம் தெரிய அது உதவும்.

யாரிடம் கேட்கவேண்டும்

வாடகை வீடு என்றால் சுவரில் துளை போடும் முன் வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் சரி. ஃப்ளாட், டவுன்ஹவுஸ், கம்ப்ளெக்ஸ் என்றால் வெளிச்சுவரும் நடைபாதையும் பொதுச்சொத்து. பாடி கார்ப்பரேட் எனப்படும் உரிமையாளர்கள் அமைப்பின் சம்மதம் இல்லாமல் அங்கே எதையும் மாட்டக் கூடாது. கதவுக்குள்ளிருந்து பார்க்கும் பீப்ஹோல் கேமரா பல இடங்களில் சிக்கலில்லாத வழி.

சட்டத்தைப் பொறுத்தவரை, தனிமனிதத் தகவல் பாதுகாப்புச் சட்டமான போபியா 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. சொந்த வீட்டு உபயோகத்துக்கு அது விலக்குத் தருகிறது. அந்த விலக்கை நம்பிப் பக்கத்து வீட்டு முற்றத்தையும் படுக்கையறை ஜன்னலையும் படம்பிடிக்கலாம் என்று எண்ணிவிடாதீர்கள். ஆப்பில் 'பிரைவசி மாஸ்க்' என்ற வசதி இருக்கும். அடுத்த வீடு தெரியும் பகுதியைக் கறுப்புக் கட்டம் போட்டு மறைத்துவிடலாம். வீட்டிலிருந்தே கடையோ டியூஷனோ நடத்துகிறவர்களுக்கு அந்த விலக்கு அப்படியே பொருந்தாது. கேமரா இருப்பதாக வாசலில் பலகை வையுங்கள்.

ஒலிப்பதிவு தனி விவகாரம். பிறர் பேசிக்கொள்வதை அவர்களுக்குத் தெரியாமல் பதிவு செய்வதை ரிக்கா என்ற 2002-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வெளிக்கேமராக்களில் மைக்கை அணைத்தே வையுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் எங்கெங்கே கேமரா இருக்கிறது என்று முதல் நாளே காட்டுங்கள். அவர் உடை மாற்றும் அறை, தங்கும் அறை, குளியலறைப் பக்கம் கேமராவே கூடாது. அவரும் நம்மை நம்பித்தானே வீட்டுக்குள் வருகிறார்.

அப்படியே பக்கத்து வீட்டு ஆண்ட்டியிடமும் போய்ப் பேசிவிட்டு வாருங்கள். "ஆண்ட்டி, கேட்டுக்கு ஒரு கேமரா போடுகிறோம், உங்கள் பக்கம் பார்க்காது, வேண்டுமானால் வந்து போனில் பாருங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் மனத்தாங்கல் வராது. அக்கம்பக்கத்தில் பலர் 1860-ல் இந்தியாவிலிருந்து தொடங்கிய குடியேற்றத்தின் வழிவந்த குடும்பத்தினர். தெருவில் யார் எப்போது வருவார், எந்த வண்டி புதிது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. தைப்பூசக் காவடிக்கு நீங்கள் கோயிலில் இருக்கும் நேரத்தில் உங்கள் கேட்டில் என்ன சத்தம் என்று முதலில் கூப்பிட்டுச் சொல்வதும் அந்த ஆண்ட்டிதான்.

எந்த வகை

மூன்று வகை உண்டு. முதலாவது வைஃபை கேமரா. மலிவு, நீங்களே மாட்டலாம், வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போகலாம். ஒரு வருட ஒப்பந்தத்தில் வாடகைக்கு இருப்பவருக்கும் ஃப்ளாட்வாசிக்கும் இதுவே பொருத்தம். குறை என்னவென்றால், தடிமனான செங்கல் சுவர் தாண்டினால் சிக்னல் தேயும். ரௌட்டர் அணைந்தால் நேரலையும் எச்சரிக்கையும் போய்விடும். கார் ரிமோட்டின் சிக்னலை மறித்துத் திருடும் கூட்டம் உள்ள நாடு இது. வைஃபையையும் அப்படி மறிக்க முடியும். ஆகவே உள்ளே மெமரி கார்டு போடும் வசதி இருக்கிற மாடலையே வாங்குங்கள். இணைப்பு அறுந்தாலும் அது பதிவைத் தொடரும். பேட்டரியில் ஓடும் வைஃபை கேமரா அசைவு தெரிந்த பிறகுதான் விழித்துக்கொள்ளும். வேகமாகக் கடந்து போகிறவரின் முதுகு மட்டும் பதிவாகியிருக்கும். கேட்டுக்கு அதை வைக்காதீர்கள்.

இரண்டாவது, கேபிள் வழி ஓடும் ஐபி கேமரா. பிஓஇ என்பார்கள்: ஒரே நெட்வொர்க் கேபிளில் மின்சாரமும் படமும் போய்விடும். பதிவெல்லாம் என்விஆர் என்ற பதிவுப் பெட்டியில். சொந்த வீடோ, நீண்ட கால வாடகையோ என்றால் நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். கேமரா பக்கத்தில் பிளக் பாயின்ட் தேவையில்லை. என்விஆர் ஒன்றுக்கு பேட்டரி கொடுத்தால் எல்லா கேமராவும் உயிரோடு இருக்கும். இந்த நாட்டில் அதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

மூன்றாவது, டிவி ஆன்டெனாவுக்குப் போடுவது போன்ற பழைய கோஆக்ஸ் கேபிளில் ஓடும் அனலாக் எச்டி. நீங்கள் குடிபோன வீட்டில் ஏற்கெனவே நல்ல கோஆக்ஸ் கேபிள் ஓடியிருந்தால் அதைப் பிடுங்கி எறியாதீர்கள். பதிவுப் பெட்டியான டிவிஆரையும் கேமராவையும் மட்டும் மாற்றினால் படம் தெளிவாகிவிடும், செலவும் மிச்சம்.

ஊரிலிருந்து என்விஆர் கொண்டுவரலாமா என்று பலர் கேட்கிறார்கள். இரண்டு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், ஓடும். இந்தியாவின் பெரிய 15 ஆம்ப் மூன்று முள் பிளக் இங்குள்ள பழைய வகை சாக்கெட்டில் அப்படியே பொருந்தும். சின்ன 5 ஆம்ப் பிளக்குக்கு அடாப்டர் வேண்டும். ஆனால் வாரன்ட்டி இங்கே செல்லாமல் போகலாம். பழுதானால் மாற்ற முடியாத பொருளைப் பாதுகாப்புக்கு வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

மெகாபிக்சல் மட்டும் பார்த்தால் போதாது

விளம்பரத்தில் மெகாபிக்சலைப் பெரிதாகப் போடுவார்கள். முகம் தெரியுமா என்பதை லென்ஸும் தூரமும் சேர்ந்துதான் முடிவு செய்யும். முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காண, காட்சியின் அகலத்தில் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 250 பிக்சல் வேண்டும் என்பது சர்வதேசத் தரக்கணக்கு. யாரோ நடமாடுகிறார் என்று மட்டும் தெரிய 25 போதும். 4 மெகாபிக்சல் கேமராவின் படம் 2560 பிக்சல் அகலம். அதில் 2.8 மி.மீ. லென்ஸ் இருந்தால் சுமார் 100 பாகை விரிந்து பார்க்கும். முகம் தெளிவாகத் தெரிவது ஏறக்குறைய 4 மீட்டர் வரைதான். அதற்கு அப்பால் ஆள் தெரியும், ஆள் யாரென்று தெரியாது. அதே கேமராவில் 6 மி.மீ. லென்ஸ் என்றால் பார்வை பாதியாகக் குறுகும்; ஆனால் 10 மீட்டர் வரை முகம் பிடிபடும்.

ஆகவே முன்வாசலுக்கும் பின்கதவுக்கும் 2.8. வீட்டுச் சுவரில் மாட்டி, தள்ளியிருக்கும் கேட்டைப் பார்க்கவேண்டிய கேமராவுக்கு 6. நீண்ட சந்துக்கு 4 மி.மீ. லென்ஸ், படத்தை நெட்டுக்குத்தாகத் திருப்பும் 'காரிடார் மோட்' இருந்தால் இன்னும் நல்லது. நான்கையும் ஒரே லென்ஸில் அடைத்த செட் பாக்கெட்டை வாங்கும் முன் இதை நினைத்துப் பாருங்கள்.

இரவுப் பார்வைக்கு இன்ஃப்ராரெட் என்ற கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் பொதுவாகப் போதும். ஆனால் கேட்டுக்கும் பின்கதவுக்கும் ஆள் அசைந்தால் வெள்ளை விளக்கு எரியும் வகை கேமராவைப் பரிந்துரைப்பேன். சட்டையின் நிறமும் வண்டியின் நிறமும் தெரியும். அதைவிட, விளக்கு எரிந்ததும் 'யாரோ பார்த்துவிட்டார்கள்' என்று வந்தவருக்குத் தெரிந்துவிடும். வெளியே மாட்டும் எதற்கும் தூசியும் தண்ணீரும் புகாத ஐபி66 அல்லது ஐபி67 தரம் வேண்டும்.

ஹார்ட் டிஸ்க் கணக்கு சுலபம். ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் எழுதினால் ஒரு நாளைக்கு சுமார் 43 ஜிபி. நான்கு கேமராவுக்கு 173 ஜிபி. 2 டிபி (2,000 ஜிபி) டிஸ்க்கில் 11 நாள் நிற்கும். படத்தை இன்னும் சுருக்கும் எச்.265 முறையில் பதிவு செய்து வேகத்தை 2 மெகாபிட்டாக வைத்தால் 23 நாள். இரண்டு வாரமாவது நிற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். பழைய கம்ப்யூட்டர் டிஸ்க் வேண்டாம். இரவு பகல் ஓயாமல் எழுதுவதற்கென்றே கண்காணிப்பு டிஸ்க் தனியாக விற்கிறது.

மின்சாரம் போனால்

பகுதி பகுதியாக முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தும் லோட் ஷெடிங் 2023-ல் ஏறக்குறைய ஆண்டு முழுக்க இருந்தது. 2024 மார்ச் கடைசியிலிருந்து நன்றாகக் குறைந்தது. அதனால் பேட்டரி வேண்டாம் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கேபிள் திருட்டு இருக்கிறது, சப்ஸ்டேஷன் பழுது இருக்கிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனின் பல பகுதிகள் நாட்கணக்கில் இருட்டில் கிடந்தன. தெருவே இருட்டாக இருக்கும் நேரம்தான் கேமரா அதிகம் தேவைப்படும் நேரம்.

எவ்வளவு பேட்டரி வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடலாம். பிஓஇ கேமரா ஒன்றுக்கு இரவில் ஏறக்குறைய 5 வாட், நான்குக்கு 20. என்விஆர் டிஸ்க்கோடு 15. இணைய இணைப்பு வந்து சேரும் ஃபைபர் பெட்டியும் ரௌட்டரும் 15. மொத்தம் 50 வாட். நான்கு மணி நேரத்துக்கு 200 வாட்ஹவர். இன்வெர்ட்டரில் கொஞ்சம் வீணாகும், பேட்டரியை அடிமட்டம் வரை இறக்கவும் கூடாது. ஆக 300 வாட்ஹவர் லித்தியம் பேட்டரி உள்ள சிறிய இன்வெர்ட்டர் போதுமானது. அலாரம் பெட்டியிலும் கேட் மோட்டாரிலும் இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்ப்ஹவர் பேட்டரி வெறும் 84 வாட்ஹவர். பாதிதான் பாதுகாப்பாக எடுக்கலாம். அதை நம்பி கேமரா ஓட்ட முடியாது. ஃப்ளாட்டில் ஒரு வைஃபை கேமராதான் என்றால் ரௌட்டருக்கான குட்டி யுபிஎஸ் ஒன்றும் கேமராவுக்கு ஒரு பவர்பேங்கும் போதும். மின்சாரம் ஏறிக்கொண்டிருக்கும்போதே வெளியேயும் கொடுக்கும் வகை பவர்பேங்க்தானா என்று பார்த்து வாங்குங்கள்.

பேட்டரியில் ஃபைபர் பெட்டியைச் சேர்க்க மறக்காதீர்கள். கேமராவும் என்விஆரும் எரிந்துகொண்டிருக்கும், பதிவும் நடக்கும், ஆனால் உங்கள் போனுக்கு ஒன்றும் வராது. காரணம் அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டி அணைந்திருக்கும். எல்லாம் பொருத்திய பின் டிபி போர்டு எனப்படும் மின்சுவிட்சுப் பெட்டியில் மெயினை இறக்கிவிட்டு, போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் நாலு கேமராவையும் திறந்து பாருங்கள். அப்போது படம் வந்தால்தான் வேலை சரி.

மாட்டும் வேலை

கேபிளில் தொடங்குவோம். 'கேட் 5இ' அல்லது 'கேட் 6' வகை நெட்வொர்க் கேபிள், முழுச் செம்புக் கம்பி. கடையில் பாதி விலைக்குக் கிடைப்பது அலுமினியத்தின்மேல் செம்புப் பூச்சு பூசியது. முனையில் ஒரு இழையை பிளேடால் சுரண்டுங்கள்: உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நீண்ட தூரத்தில் அதில் மின்னழுத்தம் விழும், இரவில் இன்ஃப்ராரெட் எரிந்ததும் கேமரா அணைந்து அணைந்து எழும். ஒரு ஓட்டத்துக்கு 100 மீட்டர்தான் எல்லை. வீட்டுக்கு அது தாராளம்.

கூரைக்குள் கேபிள் இழுக்கும்போது மின்கம்பியோடு ஒட்டி இழுக்காதீர்கள், ஒரு முழமாவது இடைவெளி வேண்டும். கேட் கம்பத்துக்குப் போகும் கேபிளை மண்ணுக்குள் குழாயில் கொண்டுபோங்கள். புதிதாக பிளக் பாயின்ட் வேண்டுமென்றால் அது பதிவுபெற்ற எலக்ட்ரீஷியன் வேலை. வேலை முடிந்ததும், மின்வேலை விதிப்படி நடந்தது என்று காட்டும் சிஓசி சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். 230 வோல்ட்டில் கைவைத்துப் பழகவேண்டாம்.

கேபிள் முனையில் ஆர்ஜே45 பிளக் அடிப்பதைப் பார்த்துப் பயப்படவேண்டியதில்லை. வெளியுறையை இரண்டு விரற்கடை உரித்து, பின்னலைப் பிரித்து, எட்டு இழையையும் நேராக நீவி, இடமிருந்து வலமாக இப்படி வையுங்கள்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. முனைகளை ஒரே மட்டமாக வெட்டி, பிளக்கின் கிளிப் கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளே தள்ளுங்கள். எட்டும் பிளக்கின் கண்ணாடி போன்ற முனையைத் தொட்டிருக்கிறதா, வெளியுறையும் பிளக்குக்குள் கொஞ்சம் நுழைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே கிரிம்பிங் டூலை அழுத்துங்கள். நாலாவதும் ஐந்தாவதும் நீலம், மூன்றாவதும் ஆறாவதும் பச்சை. தவறு அங்கேதான் வரும்.

கேமராவின் உயரம் இரண்டரையிலிருந்து மூன்று மீட்டர். இன்னும் ஏற்றினால் தொப்பியும் தலையுச்சியும்தான் கிடைக்கும். இறக்கினால் கைக்கு எட்டும். கேமராவின் வால் கேபிளும் இணைப்பும் வெளியே தொங்கக் கூடாது. ஜங்ஷன் பாக்ஸ் வைத்து அதற்குள் அடக்குங்கள். கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் ஒரு தொங்கல் விட்டு, கீழிருந்து மேலாக நுழையவேண்டும். மழைநீர் கேபிளைப் பிடித்துக்கொண்டு வந்தால் தொங்கலின் அடியில் சொட்டிவிடும். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே மேற்பக்கத்திலும் இரண்டு பக்கவாட்டிலும் சிலிக்கோன் பசை பூசி, அடிப்பக்கத்தைத் திறந்தே விடுங்கள். உள்ளே போன ஈரம் வெளியேற வழி வேண்டாமா?

இசிப்பிங்கோ, பிளஃப், உம்ஷ்லாங்கா என்று கடலோரம் இருப்பவர்கள் 316 தர ஸ்டெயின்லெஸ் திருகாணியே போடுங்கள். பாக்கெட்டில் வரும் திருகாணி துருப்பிடித்து, சுவரில் பழுப்புக் கோடு இறங்கி, பிறகு கழற்றவும் வராது. ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் இருப்பவர்களுக்கு மின்னல்தான் எதிரி. வெளியே நீண்டு போகும் ஒவ்வொரு கேபிளுக்கும் திடீரெனப் பாயும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் பிஓஇ சர்ஜ் புரொடெக்டர் வைத்து அதை எர்த்தோடு இணைக்கச் சொல்லுங்கள். என்விஆருக்கும் ரௌட்டருக்கும் சர்ஜ் பிளக். நேராக விழும் இடியை எதுவும் தாங்காது, பக்கத்தில் விழுவதை இது தாங்கும்.

என்விஆரை டிவி பக்கத்தில் வைக்காதீர்கள். திருடன் முதலில் போகும் இடம் அது. காற்றோட்டமுள்ள ஒரு அலமாரிக்குள், பூட்டி வையுங்கள். கூரைக்குள் வேண்டாம், ஜனவரி வெயிலில் டிஸ்க் வெந்துவிடும். மிக முக்கியமான கேட் கேமராவுக்கு மட்டுமாவது மெமரி கார்டோ கிளவுட் பதிவோ கூடுதலாக இருந்தால், பெட்டியே போனாலும் பதிவு மிஞ்சும்.

ஆள் வைத்துச் செய்வதானால், இந்த நாட்டில் பாதுகாப்புக் கருவி பொருத்துகிறவர்கள் பிசிரா என்ற ஆணையத்தில் பதிவு செய்திருக்கவேண்டும். 2001-ம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. பதிவு எண்ணைக் கேளுங்கள், பிசிரா இணையதளத்தில் சரிபாருங்கள். வேலை முடிந்ததும் அட்மின் பாஸ்வேர்டை உங்கள் கையால் மாற்றுங்கள். வேலை செய்தவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் போனில் உங்கள் வீடு இருக்கக் கூடாது.

ஆப்பைச் சரிசெய்தல்

2016-ல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலை பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும் ஆயிரக்கணக்கில் பிடித்து, அமெரிக்காவின் பெரிய இணையதளங்களை முடக்கியது. ஆகவே புது பாஸ்வேர்ட், இரட்டைச் சரிபார்ப்பு, ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் மூன்றும் அவசியம். வெளியிலிருந்து கேமராவுக்கு நேராக வர ரௌட்டரில் போர்ட் என்ற வழியைத் திறந்துவிடச் சொல்லும் பழைய யூடியூப் வீடியோக்களைப் பின்பற்றாதீர்கள். வைஃபை கேமராக்களை, ரௌட்டரில் விருந்தாளிகளுக்கென்று இருக்கும் கெஸ்ட் நெட்வொர்க்கில் தனியாக வையுங்கள்.

அடுத்தது நேரம். தென்னாப்பிரிக்கா ஆண்டு முழுக்க ஜிஎம்டி+2. ஊரிலிருந்து கொண்டுவந்த கருவி ஜிஎம்டி+5:30-ல் நின்றால் பதிவில் மூன்றரை மணி நேரம் பிசகும்; போலீஸிடம் கொடுக்கும்போது அதுவே பெரிய கேள்வியாகிவிடும்.

எச்சரிக்கை அமைப்புக்குப் பொறுமை வேண்டும். சும்மா அசைவு என்று வைத்தால் மரக்கிளை, மழை, பூச்சி எல்லாம் போனை அடிக்கும். டர்பனில் கூடவே குரங்குக் கூட்டம்: காலையில் மதில்மேல் வரிசையாக வந்து, ஒன்று கேமராமேலேயே உட்கார்ந்துகொள்ளும். மனிதர், வாகனம் என்று பிரித்தறியும் வசதியை இயக்கி, கேட்டுக்கு உள்ளே மட்டும் கோடு வரைந்து, அதைத் தாண்டினால் சொல்லும்படி வையுங்கள். தெருவில் போகிறவருக்கெல்லாம் போன் அடித்தால் இரண்டே நாளில் நீங்கள் அறிவிப்பையே அணைத்துவிடுவீர்கள். உண்மையான ஆள் வரும் இரவில் அது ஊமையாக இருக்கும். இரவு பத்து மணிக்கு மேல் பின்முற்றத்தில் மனிதர் தெரிந்தால் மட்டும் சத்தமாக அடிக்கட்டும். மற்றதெல்லாம் மெதுவாக.

இன்ஃப்ராரெட் வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். வலை லென்ஸை மூடினால் இரவில் வெள்ளைப் படலம் மட்டும்தான். மாதம் ஒரு முறை மென்மையான தூரிகையால் துடைத்துவிட்டு, பதிவு உண்மையாகவே ஓடுகிறதா என்று நேற்றைய ஒரு மணி நேரத்தைத் திறந்து பாருங்கள். ஊருக்குக் கிளம்பும் முன் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

அலாரம் அடித்தால்

கேமரா காட்டியதும் வெளியே ஓடாதீர்கள். வந்தவர் கையில் துப்பாக்கி இருக்கலாம் என்று வைத்துக்கொண்டே நடக்கவேண்டிய நாடு இது. உள்கதவைப் பூட்டி, பேனிக் பட்டனை அழுத்துங்கள். ஆர்ம்ட் ரெஸ்பான்ஸ் நிறுவனம் கூப்பிடும்போது எந்தப் பக்கம், எத்தனை பேர் என்று கேமராவைப் பார்த்துச் சொல்லுங்கள். வருகிற அதிகாரிக்கு அது உயிர்காக்கும் தகவல். கேமரா வாங்கும் முன்பே அந்த நிறுவனத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்: சில நிறுவனங்கள் உங்கள் கேமரா எச்சரிக்கையை நேராகத் தங்கள் கட்டுப்பாட்டு அறையிலேயே பார்க்கும் சேவை தருகின்றன, அதற்கு எந்த என்விஆர் ஒத்துவரும் என்று அவர்களே சொல்வார்கள். போலீஸுக்கு 10111, செல்போனிலிருந்து 112-ம் போகும். இந்த எண்களை வீட்டில் உள்ள அம்மா அப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். குளிர்சாதனப் பெட்டிமேல் வீட்டு முகவரியோடு ஒட்டி வையுங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களுக்குத் தெருப்பெயரை ஆங்கிலத்தில் சொல்ல வரவேண்டும், அதை ஒரு முறை சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லாரும் பத்திரம் என்று தெரிந்த பிறகு, அன்றே அந்த நேரத்துப் பதிவை என்விஆரிலிருந்து யுஎஸ்பியில் இறக்கி, இரண்டு பிரதி எடுங்கள். போன் திரையைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் போட்ட வீடியோ மட்டும் போதாது. தேதியும் நேரமும் உள்ள மூலப்பதிவு வேண்டும். 11 நாள் டிஸ்க் என்றால் 12-ம் நாள் அது அழிந்திருக்கும். ஸ்டேஷனில் புகார் கொடுத்து கேஸ் எண் வாங்குங்கள். இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் கேட்பது அதைத்தான். யுஎஸ்பியைக் கொடுக்கும்போது யாரிடம், எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, இன்னொரு பிரதியை வீட்டிலேயே வைத்திருங்கள்.